முன்னால் ஒற்றை ஆள்

சானமாவுக் காட்டுப் பக்கம் யானை விரட்டும் வெடிச்சத்தம் கேட்டது. மகள் டேப்லெட்டில் கால்பந்து மேனேஜர் கேம் ஆடிக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கள் பழைய கம்ப்யூட்டரும், அதன்மேல் அம்மா போர்த்திவைக்கும் பூப்போட்ட துணியும் ஞாபகம் வந்தன.

சின்ன வயதில் நானும் இதே மாதிரி கேம்தான் ஆடினேன். கோல் அடிக்க முன்னால் ஒரே ஒருவனை நிறுத்தி, மற்றவர்களைப் பின்னால் அடுக்குவேன். ஆட்டத்தை அப்படியே விட்டு டியூஷன் போய்த் திரும்பினால், முன்னால் இரண்டு பேர் நிற்பார்கள். தம்பி மேல்தான் சந்தேகம். சாமி படத்தின் முன் சத்தியம் செய்தான், அதையும் நம்பவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து தூங்கும் அப்பாவைக்கூட ஓரக்கண்ணால் பார்த்தேன்.

ஒரு லீவு நாளில் தூங்குவதுபோல் படுத்து வேவு பார்த்தேன். தூசி தட்ட வந்த அம்மா, ராகி மாவு ஒட்டிய விரலால் மவுஸைப் பிடித்து, பின்னால் நின்ற ஒருவனை மெதுவாக முன்னால் இழுத்துவிட்டாள். துள்ளி எழுந்தேன்.

"ஏம்மா என் டீமைக் கலைக்கிற?"

"எங்க ஊர்ல ராகிக் கொல்லைக் காவலுக்கே ஒத்தையா ஆள் அனுப்ப மாட்டாங்க கண்ணு. யானை வந்தா கூப்பிட ஆள் வேணாமா?"

"இது பந்து விளையாட்டும்மா!"

"எங்கண்ணன் ஒத்தையாத்தான் காவலுக்குப் போச்சு," என்றாள்.

மாமா காய்ச்சலில் இறந்ததாகத்தான் அதுவரை எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

மறுபடியும் வெடிச்சத்தம். மகள் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். அவள் டீமிலும் முன்னால் ஒருவன்தான் நிற்கிறான். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, டேப்லெட்டை என் பக்கம் இழுத்தேன்.