சிரிப்பு மட்டும் பதிவான ஞாயிற்றுக்கிழமை

இடைவேளை விட்டதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவான முதல் பாட்டை ஓடவிட்டேன். கீபோர்டு கேட்டது. தட்டில் கரண்டி படும் ஓசை கேட்டது. அறுபது பேர் ஒன்றாகச் சிரிப்பது துல்லியமாகக் கேட்டது. அக்காவின் குரல் மட்டும் பக்கத்து வீட்டு வானொலி போல எங்கோ தூரத்தில் கிடந்தது. இரண்டாவது பாட்டுக்குத் தாவினேன். அதிலும் அப்படித்தான். ஐந்து பாட்டிலும் அதே கதை. மறுபடி மேடையேற அவருக்குப் பத்து நிமிடம் இருந்தது.

அக்கா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். இருபது ஆண்டுகளாகத் தொலைக்காட்சி நாடகங்களில் வம்பு பேசும் மாமியாகவும், கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்காரும் பெரியம்மாவாகவும் வந்தவர். டத்தோ கிராமாட்டில் இருக்கும் தன் வீட்டிலிருந்து மார்க்கெட்டுக்குப் போனால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே மீன்காரர் சிரித்துவிடுவார். அவர் நன்றாகப் பாடுவார் என்பது எங்களைப் போன்ற சிலருக்குத்தான் தெரியும். நான் வார நாட்களில் பிறையில் ஒரு தொழிற்சாலையில் மின்கருவிகளைச் சோதிப்பவள். சனி, ஞாயிறுகளில் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒலி அமைத்துக் கொடுப்பேன். அவருடைய பாட்டும் பேச்சும் கலந்த நிகழ்ச்சியை ஆல்பமாகப் பதிவு செய்ய என்னைத்தான் கூப்பிட்டார்.

தீவின் ஜார்ஜ் டவுனில், கீழே கடையும் மேலே வீடுமான பழைய கடைவீடு ஒன்றின் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார். மேசை போட்டு, சாப்பிட்டுக்கொண்டே பார்க்கும் நிகழ்ச்சி. அழைப்பிதழில் ‘கேபரே’ என்று அவரே எழுதினார். நம் ஆட்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் பழைய படங்களில் வில்லனின் விடுதியில் நடக்கும் ஆட்டம்தான் ஞாபகம் வரும். அவருடைய அண்ணன் ஒரு மாதம் பேசாமல் இருந்தார். “மேசை இருக்கு, பாட்டு இருக்கு, நான் இருக்கேன். வேற என்ன பேரு வைக்கச் சொல்றாரு?” என்று அக்கா கேட்டார்.

அக்கா இந்தப் பதிவுக்கு அவசரப்பட்டதன் காரணம் எனக்கும், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் கீபோர்டுக்காரருக்கும் மட்டும் தெரியும். குரல் நாணில் ஒரு கட்டி. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. குரல் திரும்பும், ஆனால் இதே குரலாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்கு முன் ஒரே ஒரு நாள், ஒரு மணி நேரம் பாடலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பது அவர் கொடுத்த சலுகை. முதல் பாதி அரை மணி, இரண்டாம் பாதி அரை மணி. அதற்குள் ஒன்பது பாட்டு. எல்லாம் அவரே எழுதியவை.

தவறு என்னுடையது. நிகழ்ச்சி தொடங்கச் சற்று முன் அவருடைய மைக்கில் ஓர் இரைச்சல் வந்தது. கேபிளை மாற்றி வேறொரு இணைப்பில் செருகினேன். மண்டபத்தில் குரல் நன்றாகக் கேட்டது, நிம்மதியாகிவிட்டேன். அந்தப் புதிய இணைப்பைப் பதிவு செய்யும்படி கணினிக்குச் சொல்ல மறந்துபோனேன். அதற்குப் பிறகாவது கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கீபோர்டு அண்ணனிடம் முதலில் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. “இப்ப சொல்லாத லா. மிச்சத்தப் பாடட்டும். அப்புறம் பாத்துக்கலாம்” என்றார். அப்புறம் என்று ஒன்று இல்லை என்பது அவருக்கும் தெரியும். பின்னறைக் கதவைத் திறந்தேன். அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து வெந்நீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, முதல் பாதியில உங்க குரல் பதிவாகல. என் தப்புதான்.”

அவர் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. “எத்தன பாட்டு?”

“அஞ்சும்.”

வெளியே யாரோ எதற்கோ சிரித்தார்கள். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “இப்ப பதிவாகுதா? போய் நல்லாப் பாத்துட்டு வா” என்றார். போய்ச் சரிசெய்து பார்த்துவிட்டு வந்து, ஆகிறது என்றேன். என் பின்னால் வந்து நின்ற கீபோர்டு அண்ணனைப் பார்த்து, “பழைய அஞ்சு, அப்புறம் கடைசிப் பாட்டு. நடுவுல உள்ள மூணையும் விட்ருவோம்” என்றார்.

“அந்த அஞ்சும் உச்சத்துல பாடுற பாட்டு, அக்கா. தொண்ட தாங்காது.”

“தாங்குற வரைக்கும் பாடுறேன். நீங்க நிறுத்தாம வாசிங்க.”

மேடையேறி மைக்கைப் பிடித்தார். “ஒரு விசயம். ஒங்க சிரிப்பெல்லாம் ரொம்ப நல்லாப் பதிவாயிருக்கு. என்னத்தான் காணோம். அதனால முதல்ல இருந்து பாடப்போறேன். சிரிப்பு ஏற்கனவே கைவசம் இருக்கு, யாரும் சிரிக்கக் கூடாது.” மாடியே அதிர்ந்தது. பிறைக்குப் போக வேண்டிய மாமி பஸ் மாறி ஏறித் தாசேக் கெலுகோரில் இறங்கி, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வரும் பாட்டுக்கு முதல் தடவையைவிட இரண்டு மடங்கு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கணினித் திரையில் அவர் குரலுக்கேற்ப ஏறி இறங்கும் பச்சைக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது பாட்டில் அவர் கழுத்து நரம்பு தெரிந்தது. நான்காவதில், வரிகளுக்கு நடுவே திரும்பி நின்று எச்சில் விழுங்கினார். ஒரு மணி நேரக் கணக்கு ஐந்தாவது பாட்டோடு தீர்ந்துவிட்டது. நான் கையை உயர்த்திக் காட்டினேன். அவர் பார்த்தார், பார்க்காதது போல அடுத்த பாட்டுக்குத் தலையசைத்தார்.

கடைசிப் பாட்டில் வேடிக்கை எதுவும் இல்லை. ஊரையெல்லாம் சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒற்றைத் தட்டைக் கழுவி வைக்கும் ஒருத்தியைப் பற்றியது. இரண்டாவது சரணத்தில் மேலே போன குரல் அங்கேயே அறுந்தது. வாய் அசைந்தது, காற்று மட்டும் வந்தது. கீபோர்டு நிற்கவில்லை. முன்மேசையில் ஒருவர், இதுவும் நடிப்பென்று நினைத்து, பலமாகச் சிரித்தார். வேறு யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. அக்கா அந்த மனிதரைப் பார்த்து மெல்லத் தலையாட்டிவிட்டு, மீதி வரிகளைப் பாடாமல் பேசினார், அடுக்களையில் தனக்குத்தானே பேசிக்கொள்வதைப் போல.

வியாழக்கிழமை சிகிச்சை நடந்தது. அதன்பின் மூன்று வாரம் அவர் பேசக் கூடாது. அந்த நாட்களில் நான் ஆல்பத்தைத் தயார் செய்தேன். அந்த ஒற்றைச் சிரிப்பை வெட்டி எடுத்துவிட்டேன். அவருக்கு நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று நினைத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி என் பக்கம் திருப்பினார்: ‘அந்த ஆள் சிரிச்சது எங்க?’ எடுத்துவிட்டேன் என்றேன். ‘திரும்ப வை. அவர் சிரிச்சதாலதான் நான் பேச ஆரம்பிச்சேன். அது இல்லாட்டி யாருக்கும் புரியாது.’

வைத்தேன். ஆல்பம் அப்படியே வெளிவந்தது. குரல் திரும்பியது, ஆனால் தாழ்ந்து, கரகரத்து. பேசலாம், நடிக்கலாம், பாட முடியாது. விட்டுப்போன மூன்று பாட்டையும் அவர் எந்த மேடையிலும் பாடவில்லை, ஒத்திகையில் வாசித்த மெட்டு கீபோர்டு அண்ணனின் விரல்களில் மட்டும் இருக்கிறது.

போன மாதம் ஒரு நிகழ்ச்சிக்காக அவரைக் காரில் அழைத்துப் போனேன். இத்தனை நாளாகக் கேட்க முடியாததை, தீவிலிருந்து பிறைக்குப் போகும் பாலத்தில் நெரிசலில் நின்றபோது கேட்டேன். “நான் ஒழுங்காப் பதிவு பண்ணியிருந்தா உங்க குரல் இருந்திருக்குமாக்கா?”

“டாக்டர்கிட்ட நானும் கேட்டேன். சொல்ல முடியாதுன்னுட்டாரு.” முன்னால் நின்ற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப ஒம் மேல பயங்கரக் கோபம். என்னென்ன திட்டணும்னு வரிசையா நெனச்சு வச்சிருந்தேன். வாயத் தெறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. மூணு வாரம் கழிச்சுப் பேசலாம்னு சொன்னப்ப, பாதி மறந்துபோச்சு.”

“மிச்சப் பாதி?”

“அது இருக்கு,” என்றார். லாரி நகர்ந்தது. நான் காரைக் கிளப்பினேன்.