மஸ்கட் வரை எண்ணெய்

ஒன்பது வயதுக்குள் இரண்டு தடவை அரபிக்கடலில் விழுந்தவள் நான். இரண்டு தடவையும் எண்ணெய் தீர்ந்துதான் விழுந்தேன்.

கொழும்பில் கடை வேலை பார்த்த மாமா, அந்தத் தீபாவளிக்கு ஒரு பழைய கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு மஸ்கெலியா பஸ்ஸில் வந்து இறங்கினார். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயமே, அந்த வரிசை வீட்டுச் சனம் மொத்தமும், வந்து பார்த்துவிட்டுப் போனது. அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு இருந்தது. எந்த நாட்டுக்கும் போகலாம் என்று மாமா சொன்னதுமே நான் போகவேண்டிய இடத்தை முடிவு செய்துவிட்டேன். அம்மா மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தார்.

திங்கட்கிழமை மாமா கம்ப்யூட்டரோடு திரும்பிவிடுவார். அம்மா போனில் முகம் காட்டிப் பேச வருவதோ வெள்ளிக்கிழமை மட்டும். அந்த வெள்ளிக்கிழமை அவர் பேசும்போது நான் மஸ்கட்டில் இறங்கியிருக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு முக்கியமாகப் படவில்லை. பலகாரத்தைக்கூடத் தம்பியிடம் விட்டுக்கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மும்பை வரை கவலையில்லை. வழியில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொள்ளலாம். அதற்கப்புறம் ஒரே கடல். என்னுடைய சின்ன விமானம் அலறிக்கொண்டு கிளம்பும், பாதிக் கடலில் மூச்சை விட்டுவிடும். அப்பா வேலை முடிந்து வந்து எட்டிப் பார்ப்பார். "இன்னைக்கும் குளிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். எனக்கு அழுகையும் கோபமுமாக வரும்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி கிளம்பினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏய் புள்ள, அந்த நீலப் பிடிய ஒரு நாளாவது தொட்டுப் பாத்தியா? ஏத்தம் ஏறுன கியர்லயே கொழும்பு வரைக்கும் பஸ்ஸ ஓட்டுவாங்களா?"

விமானத்தின் முன்னால் சுற்றும் காற்றாடித் தகடுகளின் சாய்வை மாற்றுவதற்கு இருந்தது அந்தப் பிடி. கிளம்பும்போது தகடு காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி, வேகமாகச் சுற்ற வேண்டும். மேலே போனதும் சாய்வைக் கூட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் நிறையக் காற்றை அள்ளும், எஞ்சின் மெதுவாகச் சுற்றினாலே போதும். நானோ கிள்ளிக்கொண்டே கடலைத் தாண்டப் பார்த்திருக்கிறேன்!

பிடியை ஒரே இழுப்பாக இழுத்தேன். விமானம் தள்ளாடியது. "மெல்ல, மெல்ல!" என்று மாமா கத்தினார். கொஞ்சம் முன்னால் தள்ளினேன். அலறல் அடங்கி, சீரான ஒரு முனகல் வந்தது. எண்ணெய் முள் விழுவது குறைந்தது. மாமா விளையாட்டின் நேரத்தை வேகமாக ஓடவிட்டார். கடல், கடல், இன்னும் கடல். முள் சிவப்புக்கு மேலேயே நின்றது. பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிள்ளைகள் கட்டிலில் ஏறி நின்று பார்த்தார்கள்.

மஞ்சளாகக் கரை தெரிந்தபோது போன் அடித்தது. சிக்னல் வரும் ஒரே இடமான ஜன்னல் கட்டையில் அது இருந்தது. அப்பா எடுத்தார்.

"செத்த இரு, ஒம் மக வந்துக்கிட்டு இருக்கா."

நீலப் பிடியை மறுபடி முன்னால் தள்ளி இறக்கினேன். விமானம் ஒரு துள்ளு துள்ளி, ஓடி, நின்றது. கட்டில் உடையும் அளவுக்குக் குதித்தோம். அவ்வளவு சந்தோஷம் அதற்குப் பிறகு எந்தப் பரீட்சை பாஸானபோதும் எனக்கு வந்ததில்லை.

போனைப் பிடுங்கினேன். "அம்மா, மஸ்கட்டுல எறங்கிட்டேன்! வெளிய வாங்க!"

அம்மா சிரித்தார். போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார். போனில் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு துண்டு வானம் தெரிந்தது.

"எங்க சாமி, காணலியே?"

"ஜன்னல்ல இல்லம்மா. வாசலுக்கு வாங்க."

"வாசல் வெளிய பூட்டியிருக்கு சாமி. மேடம் ஊருக்குப் போயிருக்காங்க, ரெண்டு நாள்ல வந்துருவாங்க."

அப்பா சட்டென்று போனை வாங்கிக்கொண்டு திரும்பி நின்றார். அம்மாவிடம் ஏதோ மெதுவாகக் கேட்டார். மாமா கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ ஆத்திரம் பொறுக்கவில்லை.

"ரெண்டு நாள் ஆனாலும் பரவால்ல, நான் இங்கயே நிக்கிறேன்னு சொல்லுங்கப்பா! எண்ணெ மிச்சம் இருக்கு!" என்று அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.