இடது கைக்கான முயற்சி

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்த பிறகு, கால் மெல்ல மெல்லத் தேறிவிட்டது. இடது கை மட்டும் வரவில்லை. எங்களோடு டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் இருந்த அவளுடைய அப்பா, துணி ஆலையில் ஷிப்ட் மாறி மாறி உழைத்து ஓய்ந்தவர். பாடுபட்டால் எதுவும் கைகூடும் என்று நம்பியவர். காலையில் ஒரு ரப்பர் பந்தை அவள் கைக்குள் வைப்பார்.

"அமத்து பிள்ளை."

பந்து உருண்டு கீழே விழும். அவரே முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுப்பார்.

"நீ மனம் வைக்கிறாயில்லை. மனம் வைச்சால் வரும்."

முதலில் "சொறி அப்பா" என்று மன்னிப்புக் கேட்பாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். அவர் வந்தால் கையைச் சால்வைக்குள் மறைத்துக்கொள்வாள். தை மாதத்தில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. அதற்கு முந்திய வாரங்களில் சாப்பாடு, மருந்து தவிர இருவரும் வேறெதுவும் கதைக்கவில்லை.

அந்தக் கோடையில், பல்கலைக்கழக ஆய்வொன்றுக்குப் பக்கவாதம் வந்தவர்களைத் தேடுகிறார்கள் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். காரில் கூட்டிப் போனேன். ஆய்வாளர் தமிழ்நாட்டுப் பெண். எங்கள் பேச்சைக் கேட்டதும் டேனிஷை விட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார். வயர்கள் தொங்கும் தொப்பி ஒன்றை மனைவியின் தலையில் மாட்டினார்.

"மண்டை வழியா வெளிச்சம் உள்ள போகும். வலிக்காது. மூளையில எந்த இடம் வேலை செய்யுதோ அங்க ரத்தம் அதிகமா ஓடும். திரும்பி வர்ற வெளிச்சத்துல அது தெரியும்."

அடர்ந்த கறுப்பு முடி வெளிச்சத்தை மறித்தது. சிறு குச்சியால் ஒவ்வொரு இடமாக முடியை விலக்கிப் பொறுமையாக வகிடு எடுத்தார்.

முதலில் வலது கையை மூடித் திறக்கச் சொன்னார். பிறகு இடது கை.

"அது அசையாது தங்கச்சி," என்றாள் மனைவி.

"அசையலைன்னா பரவாயில்லக்கா. முயற்சி மட்டும் பண்ணுங்க."

அவள் கண்ணை மூடினாள். நெற்றி வியர்த்தது. விரல்கள் கிடந்தபடியே கிடந்தன. பலமுறை அப்படிச் செய்ததையெல்லாம் கணினி ஒன்றாகச் சேர்த்த பிறகு, படத்தைக் காட்டினார். வலது கைக்கு ஒரு பக்கத்தில் சிறு சிவப்பு. இடது கைக்கு மூளையின் இரண்டு பக்கமும் சிவந்திருந்தது.

"அசையாத கைக்குத்தான் மூளை ரொம்பப் பாடுபடுது, பாருங்க."

"அப்ப கை வருமோ?" என்று நான் கேட்டேன்.

"அதை இதை வச்சு சொல்ல முடியாதுங்க. இது சிகிச்சை இல்ல. அளக்கத்தான் முடியும்."

மனைவி திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை.

திரும்பி வரும் வழியில், காருக்குள் அழத் தொடங்கினாள்.

"அப்பா இதைப் பாத்திருக்கோணும்."

"அவருக்கு எப்பிடித் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியாதே."

"எனக்குத் தெரியும். உள்ளுக்குள்ளை எவ்வளவு பாடுபட்டுத் தெண்டிச்சனான் எண்டு நான் சொல்லியிருக்கோணும். கோவத்திலை வாயை மூடிக்கொண்டிருந்திட்டன். மகள் கைவிட்டிட்டாள் எண்டு நினைச்சுக்கொண்டுதான் அவர் போனவர்."



கை இன்றுவரை வரவில்லை. பயிற்சியை அவள் நிறுத்தவுமில்லை. யாரிடமும் மன்னிப்புக் கேட்பதுமில்லை. அரைநாள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அப்பாவின் கதை வந்தால் மட்டும் எழும்பி அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள்.