ஐஸ்காரர்களின் கூட்டு

தைலம்மாளின் வாய் சும்மா இருக்காது. அவளுக்குச் சோறு போட்டதும் அந்த வாய்தான், வயிற்றில் அடித்ததும் அதுதான். மரக்காணம் கரையில் மீன் எடுத்து, ஐஸ் போட்டுக் கூடை கட்டி, பஸ்ஸில் திண்டிவனம் கொண்டுபோய் விற்பவள். புருஷன் கடலோடு போன பிறகு இரண்டு பெண்களையும் அந்தக் கூடையை வைத்தே வளர்த்தாள்.

திண்டிவனத்தில் ஐஸ் கம்பெனி இரண்டு. ஒருவன் விலையைக் குறைத்தால் மற்றவன் இன்னும் குறைப்பான், மீன்காரிகளுக்குக் கொண்டாட்டம்தான். எண்பத்திரண்டாம் வருஷக் கோடையில் இரண்டு முதலாளிகளும் உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள். மரக்காணம் ஒருவனுக்கு, கோட்டக்குப்பம் மற்றவனுக்கு, விலை இரட்டிப்பு. மற்றப் பெண்கள் முணுமுணுத்துவிட்டு வாங்கினார்கள். தைலம்மாள் மட்டும் ஐஸ் வேனை மறித்துக்கொண்டு, "பட்டப்பகல்ல கொள்ளையடிக்கிறானுங்க" என்று கரையே கேட்கும்படி கத்தினாள்.

வேன்காரன் கோபப்படவே இல்லை. "இஷ்டமிருந்தா வாங்கு, இல்லன்னா வேற ஆளப் பாரு" என்றான்.

மறுநாளிலிருந்து அவளுக்கு ஐஸ் நின்றது. அடுத்த கம்பெனிக்கு ஓடினாள். "மரக்காணத்துக்கு நாங்க குடுக்கறதில்லம்மா" என்று அங்கேயும் கையை விரித்துவிட்டார்கள்.

வைகாசி வெயிலில் வெறும் மீன் எத்தனை நேரம் தாங்கும்? பஸ்ஸில் ஆளாளுக்கு மூக்கைப் பொத்தினார்கள். கண்டக்டர் பாதி வழியில் கூடையோடு இறக்கிவிட்டான். மீனைப் புளியமரத்தடியில் கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மறுநாளும் அதே கதி. படகுக்காரர் சுப்புராயன் நல்ல மனுஷர்தான், ஆனாலும் சொல்லிவிட்டார்: "மீன வித்துட்டுத்தான காசு குடுக்கற, இன்னொரு தபா வீணாக்கினா உன்ன ஏலத்துல சேக்க முடியாது தைலா. அப்புறம் என் பொழப்பு என்னா ஆவறது?"

கரையில் இடம் போனால் அவளுக்கு வேறு தொழில் கிடையாது. யாரோ சொன்னதைக் கேட்டு திண்டிவனத்தில் வக்கீல் சக்கரபாணியிடம் போய் நின்றாள்.

சக்கரபாணி கொஞ்சம் விசித்திரமான ஆள். பம்பாயிலிருந்த ஒரு பேராசிரியருக்காகச் சட்டங்களுக்கு மார்க்கு போட்டுக்கொண்டிருந்தார். வியாபாரிகள் கூடிப் பேசி விலை வைப்பதை எந்த நாடு, எந்த வருஷம், எவ்வளவு கண்டிப்பாகத் தடுக்கிறது என்பதற்கு மார்க்கு. தைலம்மாளின் கதையைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"அமெரிக்காவுல இதுக்கு ஜெயிலும்மா, அதனால அவங்களுக்கு மார்க்கு அதிகம். நமக்கு முன்னெல்லாம் முட்டைதான். அறுபத்தொம்பதுல சட்டம் வந்ததும் மளமளன்னு ஏறிடுச்சு. கூடி வெல வெக்கறது தப்பு, ஊரப் பிரிச்சிக்கறது தப்பு. நல்ல மார்க்குதான் நமக்கு."

தைலம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. "அப்ப அவனுங்கள உள்ள தள்ளுங்கய்யா."

"அதுக்கு இடமில்ல. நிறுத்துன்னு உத்தரவு வாங்கலாம். இருபத்தஞ்சு பேரு சங்கமா சேந்து டெல்லியில கமிஷனுக்கு எழுதணும். ரெண்டு மூணு வருஷம் ஆவும்."

"மீனு சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்காதுங்களே."

சக்கரபாணி மார்க்கு நோட்டைப் புரட்டினார். எத்தனை நாளில் தீரும் என்பதற்கு அவரிடம் மார்க்கு கிடையாது. நோட்டை மூடிவிட்டு, "கரையில ஏலம் எப்படிம்மா எடுப்பீங்க?" என்று கேட்டார்.

"எங்களுக்குள்ள போட்டியே கெடையாதுங்க" என்றாள், பெருமையாகவே. "ஒருத்தி வெல கேப்பா, மத்தவங்க வாயத் தொறக்க மாட்டோம். பொறவு கூறு போட்டுக்குவோம்."

"வாங்கறவங்க கூடிக்கினாலும் இதே சட்டத்துல தப்புதாம்மா. எதிர்த்தரப்பு வக்கீலு மொதல்ல அதத்தான் கேப்பான்."

கரைக்குத் திரும்பி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். கோவிந்தம்மாள்தான் முதலில் முகத்தைச் சுளித்தாள். "அப்ப நம்ம ஏலத்து மேலயும் கேசு வருமா? நீ வாய வெச்சிக்கினு சும்மா இல்லாததுக்கு நாங்க எதுக்குடி கோர்ட்டு ஏறணும்?"

"நாளைக்கு உங்களுக்கும் இதே கதிதாண்டி" என்று தைலம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். ஒருத்தியும் கைநாட்டு வைக்க வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் வேன் முன்னால் போய் நின்றாள். "எல்லார் எதிர்லயும் தப்புன்னு சொல்லு, எறக்கறேன். மொதலாளி சொல்லியனுப்பினாரு" என்றான் வேன்காரன். பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தைலம்மாள் தலை நிமிராமல், "தப்புதாம்ப்பா" என்றாள். அவன் கடலைப் பார்த்தபடியே ஐஸ் இறக்கினான், அதே இரட்டை விலைக்கு.

சுப்புராயனின் படகு வந்தது. அன்றைக்கு விலை கேட்கும் முறை தைலம்மாளுடையது. ஐஸுக்குக் கொடுத்ததை எதிலாவது பிடித்தாக வேண்டுமே. வழக்கத்தைவிடக் குறைத்தே கேட்டாள்.

"என்னா தைலா, வல கட்டற கூலிக்குக்கூட ஆவாதே. கொஞ்சம் ஏத்திக் கேளும்மா." சுப்புராயன் கோவிந்தம்மாளைப் பார்த்தார், அவளுக்குப் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை.

தைலம்மாள் அவர் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இஷ்டமிருந்தா குடுண்ணே. இல்லன்னா வேற ஆளப் பாரு."

வேறு ஆள் கிடையாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.