லாரிப் பாட்டுக்கு வந்த பதினொரு பேர்

ஜோனத்தன் வாரத்தில் ஆறு நாள் ஆட்களை லாரியில் ஏற்றி அனுப்புவான். ஏழாவது நாள் அதை எதிர்த்துப் பாடுவான். இரண்டையும் நன்றாகவே செய்தான் என்பதுதான் சிக்கல்.

சிங்கப்பூரில், கிராஞ்சியில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் வண்டி நிறுத்துமிடம். அதன் மூலையில் பழைய கன்டெய்னர் ஒன்றை வெட்டி ஜன்னல் வைத்த அலுவலகம். போக்குவரத்துப் பொறுப்பாளன் என்ற பெயரில் அவன் அங்கே உட்கார்ந்திருந்தான். எந்தத் தொழிலாளர் விடுதியிலிருந்து எத்தனை பேர், எந்த வண்டி, எந்த சைட், எத்தனை மணிக்கு என்று பட்டியல் போடுவது வேலை. பதினோரு வருடத்தில் ஒரு வண்டிகூட அவனால் தாமதமானதில்லை. அதற்காக ஒருமுறை கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

வயது முப்பத்தாறு. மார்சிலிங்கில் அம்மா ரோசம்மாவோடு இருந்தான். ஞாயிறு காலை தமிழ்த் திருப்பலியில் கித்தார் வாசிப்பான். பிற்பகலில் அதே கித்தாரை எடுத்துக்கொண்டு 'கொதிகலன்' என்ற தன் ராக் குழுவுக்குப் போவான். காலையில் சாமியைத் தாலாட்டிய கையாலேயே மாலையில் பிசாசைத் தட்டி எழுப்புகிறானே என்பது ரோசம்மாவின் குறை. குழுவில் மொத்தம் மூன்று பேர். பேஸ் கித்தார் வாசித்தது அவன் தங்கை ஷாரன், தொடக்கப்பள்ளி ஆசிரியை. டிரம்ஸ் வாசித்தது அசோக், கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே வங்கியொன்றில் கணினி வேலை பார்ப்பவன். மூவரில் அசோக்தான் அதிகத் தீவிரவாதி. முகமூடியும் தொப்பியும் போட்டுக்கொண்டுதான் மேடையேறுவான். கேட்டால், "எனக்கு மார்ச்ல ஒர்க் பாஸ் ரினியூவல் இருக்கு ப்ரோ" என்பான்.

'கொதிகலன்' குழுவின் பெரிய பாட்டு லாரியைப் பற்றியது. அது பிறந்த கதையை ஜோனத்தன் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

ஏப்ரல் மாதம் ஒரு நாள் பலத்த மழை. மூன்றாம் நம்பர் லாரியிலிருந்து இறங்கிய சின்னராசு நேராக கன்டெய்னர் வாசலுக்கு வந்து நின்றார். அறந்தாங்கிப் பக்கத்து ஆள், கம்பி கட்டும் வேலை. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மேல் தார்ப்பாய் கிழிந்துவிட்டது, இருபத்திரண்டு பேரும் நனைந்துகொண்டு போகிறோம், நனைந்த உடுப்போடேயே பொழுது சாயும்வரை வேலை செய்கிறோம் என்றார். ஜோனத்தன், "பார்க்கிறேன்" என்றான்.

பார்ப்பதற்கு ஒரு படிவம் இருந்தது. மாற்றம் கோருபவரின் பெயரும் கையெழுத்தும் அதில் வேண்டும். அது நேராகத் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து கேள்வி திரும்பி மேலாளர் ஸ்ரீராமிடம் வரும். ஸ்ரீராமுக்குக் கேள்விகள் பிடிக்காது. முன்பு இதே நாற்காலியில் இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டு படிவம் அனுப்பினார். இப்போது அவர் ஸ்டோரில் ஹெல்மெட் எண்ணிக்கொண்டிருக்கிறார். ஜோனத்தனுக்கோ டிசம்பரில் மூத்த பொறுப்பாளர் பதவிக்கான மதிப்பீடு வரவிருந்தது.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் பேருந்தில் மனம் உறுத்தியது. மார்சிலிங் போய்ச் சேர்வதற்குள், இருபது நிமிடத்தில், பாட்டு தயார்.

சாமான் ஏத்துற வண்டியிலே
சனத்தை ஏத்துற ஊரு
கட்டிப் போட்டது மூட்டை, அண்ணே
கட்டாமக் குந்துறது யாரு

பாட்டு வந்ததும் உறுத்தல் போய்விட்டது. படிவம் மேசை இழுப்பறையிலேயே இருந்தது.

நவம்பரில் ஒரு ஞாயிறு மாலைக்கு லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில் எண்பது நாற்காலி போட்ட அரங்கம் கிடைத்தது. நிகழ்ச்சிக்கு அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். பாட்டு வரிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்ப வேண்டும். பெயர்க்கும் வேலை ஷாரனுடையது. எதையும் மழுப்பாதே, அப்படியே அனுப்பு, தடை போட்டால் போடட்டும் என்று ஜோனத்தன் சொல்லிவிட்டான். தடை விதித்தால் என்ன அறிக்கை விடுவது என்றுகூட எழுதி வைத்திருந்தான். நல்ல அறிக்கை. ஒன்றரைப் பக்கம்.

எட்டாம் நாள் பதில் வந்தது. ஒரு வரியிலும் கை வைக்கவில்லை. அதிகாரிகளுக்கு இருந்தது ஒரே சந்தேகம்தான்: மேடையில் புகை இயந்திரம் பயன்படுத்துவீர்களா?

மூவரும் அந்த வரியை மாறி மாறிப் படித்தார்கள். பிறகு அசோக், இன்னும் காட்டமாக இரண்டு வரி சேர்த்து மறுபடி அனுப்பலாமா என்று கேட்டான். அவன் பெயரையும் அனுமதிப் படிவத்தில் போடுவதாக இருந்தால் சேர்க்கலாம் என்றாள் ஷாரன். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

சுவரொட்டி அடித்தார்கள். நடுவில் ஒரு லாரி, மேலே ஜோனத்தன் முகம், கீழே தேதி, நேரம், இடம், அனுமதி இலவசம். பஃபலோ சாலைப் பக்கத்து மளிகைக் கடைகளில் ஷாரனே போய் ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அரிசி வாங்க வந்த சின்னராசு அதைப் பார்த்தார். லாரி தெரிந்தது. கம்பெனியில் வண்டி விடுகிறவரின் முகம் தெரிந்தது. தேதியும் நேரமும் போட்டிருந்தது. 'கொதிகலன்' என்று மேலே எழுதியிருந்ததை ஏதோ சங்கத்தின் பெயர் என்று எடுத்துக்கொண்டார். ஏப்ரலில் பார்க்கிறேன் என்று சொன்ன மனிதர் கடைசியில் பார்த்துவிட்டார், லாரி விஷயமாகக் கூட்டம் போடுகிறார் என்று முடிவு கட்டினார். அதில் அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அன்றைக்குப் பன்னிரண்டு பேராகப் புறப்பட்டார்கள். ஒருவர் தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனதால் பதினொரு பேராகப் படியேறினார்கள். எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தார்கள். இரண்டாவது வரிசையை முழுதாகப் பிடித்து உட்கார்ந்துகொண்டார்கள். மற்ற நாற்காலிகளில் பல்கலைக்கழக மாணவர்கள், கலை ஆர்வலர்கள், கறுப்புச் சட்டை போட்டவர்கள்.

மேடையிலிருந்து அவர்களைப் பார்த்ததும் ஜோனத்தன் சுருதி கூட்டிய கித்தாரை இன்னொரு முறை கூட்டினான். பிறகு, ஒரு பாட்டுக்காரனுக்கு வரக்கூடிய பெருமை அவனுக்கு வந்தது: யாருக்காக எழுதினோமோ அவர்களே வந்திருக்கிறார்கள். அன்று அவன் இதுவரை பாடாத மாதிரி பாடினான். 'கட்டாமக் குந்துறது யாரு' என்று மூன்று முறை கேட்டான். மாணவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். பதினொரு பேரும் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் தொடங்குவதற்கு முன் பாட்டுப் போடுவது ஊரிலும் உண்டுதானே.

ஆறு பாட்டும் முடிந்து ஜோனத்தன் நன்றி சொன்னபோது, சின்னராசு எழுந்து கையைத் தூக்கினார்.

"சார், மூணாம் நம்பர் வண்டிக்குத் தார்ப்பாய் எப்ப சார் மாத்துவீங்க? ஏப்ரல்ல சொன்னது."

மாணவர்கள் அவர் பக்கம் திரும்பினார்கள். பிறகு கைதட்டல் கிளம்பியது. இதுவும் நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்துவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்னராசு திரும்பிப் பார்த்துவிட்டு, கைதட்டல் ஓயும்வரை மரியாதையாகக் காத்திருந்தார்.

"இல்லே சார், நெசமாத்தான் கேக்குறேன். மழக்காலம் வந்துருச்சு. நீங்கதானே லிஸ்ட் போடுறீங்க."

அதற்குக் கைதட்டல் இல்லை. ஜோனத்தன் கித்தாரைப் பார்த்தான். ஷாரன் அவனைப் பார்த்தாள். அசோக் முகமூடியைச் சரிசெய்துகொண்டான்.

"நாளைக்கு எழுதிப் போடுறேன்ணே" என்றான் ஜோனத்தன். ஒலிவாங்கி இன்னும் அணைக்கப்படாததால் எண்பது பேருக்கும் கேட்டது.

சின்னராசு தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் இருந்தவர், விடுதிக் குளியலறைத் தண்ணீர் பற்றியும் கேட்கலாமா என்று மெதுவாக விசாரித்தார்.

திங்கள் காலை வண்டிகள் போன பிறகு ஜோனத்தன் இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்தான். 'காரணம்' என்ற கட்டத்தில் நான்கு வரிக்குத்தான் இடம். ஷாரன் பெயர்த்த பாட்டு வரிகள் கைவசம் இருந்தன. எழுதிப் பார்த்தான், பொருந்தவில்லை. அடித்துவிட்டு, தார்ப்பாய் கிழிந்துள்ளது, இருபத்திரண்டு பேர் நனைகிறார்கள், ஏப்ரலிலேயே என்னிடம் சொன்னார்கள் என்று எழுதினான். கடைசி வாக்கியத்தை எழுதுவதா வேண்டாமா என்று தேநீர் ஆறும்வரை யோசித்தான். அது அவனையே மாட்டிவிடும் வாக்கியம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

புதன்கிழமை ஸ்ரீராம் கூப்பிட்டார். மேசையில் படிவத்தின் நகல். பக்கத்தில் அந்தச் சுவரொட்டி, நான்காக மடித்தது.

"பாட்டெல்லாம் பாடுறியாமே. என் மகன் வந்திருந்தான், சூப்பர்னு சொன்னான்" என்றார். குரலில் உண்மையிலேயே பாராட்டு இருந்தது. பிறகு படிவத்தைத் தட்டினார். "இது ஏன் போட்டே? பாடிட்டு விட்டிருக்கலாம்ல லா. பாட்டுல யாருக்கும் பிரச்சினை இல்லே."

ஜோனத்தன் படிவத்தின் நகலை மறுபடி படித்தான். ஒன்றரைப் பக்க அறிக்கை ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அதிலிருந்து ஒரு வரிகூட இந்த அறைக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றாம் நம்பர் லாரிக்குப் புதுத் தார்ப்பாய் வந்தது. நல்ல நீல நிறம். பேருந்து விடுவது பற்றிப் பரிசீலிக்கப்படும் என்று மேலிடத்திலிருந்து ஒரு வரி வந்தது. டிசம்பரில் மதிப்பீடும் வந்தது. மூத்த பொறுப்பாளர் பதவி பூன் லே கிளையில் இருந்தவருக்குப் போயிற்று. காரணம் எழுதும் கட்டத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. செய்தி கேட்ட அசோக், குழு இதுவரை செய்ததில் ஆபத்தான காரியம் அந்தப் படிவம்தான் என்றான். அதையே ஒரு பாட்டாகப் போடலாம் என்றும் சொன்னான். ஜோனத்தன் அவனை ஒருமாதிரி பார்த்ததும், டிரம்ஸ் குச்சியைத் துடைக்கப் போய்விட்டான்.

ஜனவரியில், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை, சின்னராசு மறுபடி கன்டெய்னர் வாசலுக்கு வந்தார். சட்டை காய்ந்திருந்தது. கையில் ஒரு தாள்.

"அடுத்த கூட்டம் எப்ப சார்?"

கூட்டமில்லை, பாட்டுக் கச்சேரிதான் என்று ஜோனத்தன் விளக்கினான். சின்னராசு பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அது பரவால்ல சார், பாட்டும் இருக்கட்டும். விடுதியில பி பிளாக் ஆளுங்களும் வரேங்குறாங்க" என்று தாளை மேசையில் வைத்தார்.

ஜோனத்தன் எடுத்துப் படித்தான். ஒன்பது குறைகள் எழுதியிருந்தன. இழுப்பறையைத் திறந்து எத்தனை படிவம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்தான்.