கலுங்கு அருவியும் கரையில் ஒரு கரும்புள்ளியும்

செட்டிநாட்டில் அருவி கிடையாது. இணையத்தில் தேடிச் சலித்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நல்ல மழை பெய்து கண்மாய் நிரம்பினால், மிஞ்சிய தண்ணீர் கலுங்கு என்கிற கல் தடுப்பின் மேல் ஏறி வழியும். கார்த்திகைக் கடைசியில் பள்ளத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கல்லல் பக்கம் ஒரு கண்மாயில் கலுங்கு பாய்வதாகப் பந்தியில் யாரோ சொன்னார்கள். ஊர் திரும்புவதை ஒரு நாள் தள்ளிப் போட்டுவிட்டேன்.

நான் எடுப்பது கறுப்பு வெள்ளை அகச்சிவப்புப் படம். பச்சை இலை வெளுத்துவிடும், வானமும் தேங்கிய தண்ணீரும் கறுத்துவிடும். எங்கள் வீட்டில் இதற்குப் பேய்ப்படம் என்று பெயர். மற்றவர்கள் ஒதுக்குகிற உச்சி வெயில்தான் இதற்குத் தேவை. மழைக்காலத்தில் அப்படி வெயில் கிடைப்பது அபூர்வம், அன்று கிடைத்தது.

காலை பத்து மணிக்குக் கல்லலில் ஆட்டோ பிடித்தேன். காத்திருந்து திரும்பக் கொண்டுவர நானூறு ரூபாய். ஓட்டுநர் சேவுகனுக்கு அதே கண்மாய்க்கரைக்குக் கீழேதான் வயல்.

"அருவி பாக்கணும்னா குத்தாலத்துக்குல்ல போகணும்? இங்குட்டு வந்து நிக்கிறீக!" என்று வழியெல்லாம் சிரித்தார்.

கலுங்கு ஆள் உயரம்தான். முக்காலியைத் தாழ்த்திக் கீழிருந்து பார்த்தால் அருவியாகிவிடுகிறது. அகச்சிவப்பு வடிகட்டியை மாட்டியபின் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆகவே சட்டகத்தையும் குவியத்தையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இடப்பக்கம் விழுகிற தண்ணீர், வலப்பக்கம் சரிந்து ஓடும் புல் மூடிய கரை, மேலே பனைகள். ஐந்து நொடி திறந்து வைத்ததில் தண்ணீர் பால் நுரையாக இறங்கியது. கொஞ்சம் தள்ளி நின்று இன்னொன்றும் எடுத்தேன்.

திரும்பும்போது கடைவீதியில் டீ சொல்லிவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். எனக்குப் பொறுமை கிடையாது, படத்தை உடனே திருத்திவிட வேண்டும். நிறத்தை நீக்கி, வானத்தை இன்னும் கறுக்க வைத்து, இந்த வடிகட்டியால் நடுவில் விழும் வெளிச்சத் திட்டைச் சரிசெய்தேன். வெள்ளைக் கரையின் அடியில் ஒரு கரும்புள்ளி உறுத்தியது. கேமராவுக்குள் தூசி என்று அழித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்த சேவுகன், "என்னக்கா, எங்க ஊருல பனி பெஞ்சிருக்கு?" என்று கேலி செய்தார்.

இரண்டாவது படத்திலும் புள்ளி இருந்தது. ஆனால் இடம் மாறியிருந்தது. தூசி என்றால் எல்லாப் படத்திலும் ஒரே மூலையில் இருக்கும். இது கரையோடு சேர்ந்து நகர்ந்திருந்தது. தண்ணீர்தான் இதில் இப்படிக் கறுக்கும் என்று யோசித்தபடி படத்தைப் பெரிதாக்கினேன்.

"புல்லுக்குள்ள தண்ணி நிக்குது போல," என்றேன்.

சேவுகன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அது எங்க வயலுக்கு நேர் மேலேல்ல இருக்கு? ஏறுங்கக்கா வண்டில."

கரையடியில் புல்லை விலக்கிப் பார்த்தோம். விரல் தடிமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதைக் கையில் ஏந்திக் காட்டினார். "தெளிவா வந்தா பயமில்ல. இது கலங்கி வருது, உள்ள மண்ணை அரிக்குது. கரை உடைஞ்சா கதிர் வாங்குன பயிரு அம்புட்டும் போச்சு." சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். அந்தக் கசிவைத் தூசி என்று அழித்தவள் நான்.

அவர் போன் செய்ததும் பக்கத்து வயல்காரர்கள் வந்துவிட்டார்கள். தண்ணீர் இன்னும் ஒரு சாண் நிற்கட்டும் என்று கலுங்கின் மேல் அவர்களே அடுக்கியிருந்த மணல் மூட்டைகளை எடுத்து, கசிகிற இடத்தில் அணைகொடுத்து அடுக்கினார்கள். நானும் இழுத்துக் கொடுத்தேன். மூட்டை போனதும் கண்மாய் மட்டம் இறங்க, கலுங்கில் அருவி இரண்டு மடங்காக இரைந்தது. அதற்குள் மேகம் மூடிவிட்டது. நான் கேமராவை எடுக்கவே இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: கல்லலுக்குக் காரைக்குடியிலிருந்து பேருந்து உண்டு. கலுங்கு பாய்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பாசியில் வழுக்கும், செருப்போடு ஏறாதீர்கள். எந்தப் புள்ளியையும் அழிக்கும் முன் அடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தை பிறந்ததும் சேவுகன் கூப்பிட்டார். "அறுத்து வீட்டுக்குக் கொண்டாந்துட்டம்க்கா. அந்தப் படம் எனக்கு ஒண்ணு வேணும். புள்ளிய அழிச்சுப்புடாதீக."

அழித்ததை மீட்டு இரண்டு பிரதி போட்டேன். ஒன்று அவர் வீட்டில், ஒன்று எங்கள் கூடத்தில். வருகிறவர்கள் எல்லோரும் அருவியைப் பார்த்துவிட்டு, கரையடியில் விரலை வைத்து, "இங்க ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கே" என்று துடைக்கப் போகிறார்கள். நான் விடுவதில்லை.