அம்மா மெருகேற்றிய ரிவால்வர்

என் மனைவிக்குத் தங்கத்தின் மேல் ஆசை கிடையாது என்று சொன்னால் சொந்தக்காரர்கள் என்னைக் கொடுத்து வைத்தவன் என்பார்கள். எவர்சில்வர் மேல்தான் ஆசை என்றால் சிரிப்பார்கள். அந்த எவர்சில்வர் ரிவால்வர் வடிவத்தில் எங்கள் வீட்டு சேஃபில் இருக்கிறது என்பதை மட்டும் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பெண் எடுத்த இடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அவள் வேலையே உலோகத்தோடுதான். ஹூஸ்டனில் ஓர் எண்ணெய் கம்பெனியில், குழாய்கள் ஏன் துருப்பிடிக்கின்றன என்று பார்க்கிற இன்ஜினியர். ஆபீஸ் தோழிகளோடு ஒருநாள் துப்பாக்கி சுடும் வகுப்புக்குப் போனாள். மற்றவர்கள் எல்லாரும் எத்தனை குண்டு இலக்கில் பட்டது என்று பேசிக்கொண்டே வந்தார்கள். இவள் மட்டும் கையில் கொடுத்த துப்பாக்கி என்ன உலோகம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அன்றைக்குப் பிடித்தது.

எனக்குத் துப்பாக்கி என்றால் பயம். தீபாவளிக்குச் சரவெடியைக்கூடத் தள்ளி நின்று பார்க்கிற ஆள் நான். ஆனால் அவள் பேசினால் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் காலத்தில் இடுப்பில் செருகிக்கொண்டு போகிற சின்ன ரிவால்வர்கள் வேர்வை பட்டே துருப்பிடிக்குமாம். அறுபதுகளில் ஒரு கம்பெனி, இரண்டங்குலக் குழலும் ஐந்து குண்டும் கொண்ட ரிவால்வரை முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்து பார்த்தது. கடைய முடியாமல் கருவிகள் மழுங்கிப் போகும் உலோகம் அது. "அதுல போய் இவ்வளவு நுணுக்கமா வேலை பண்ணிருக்காங்க பாருங்க" என்று சிலிண்டரைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்கு ஒரு தடவை காட்டிவிட்டு, வெளிச்சத்தில் பிடிப்பாள். அவள் முகம் அப்போது அவ்வளவு அழகாக இருக்கும். நான் ரிவால்வரைப் பார்ப்பதை விட்டு ரொம்ப நாளாகிறது.

பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். நான் அப்படிச் சொன்னால் முறைப்பாள். ஒன்றில் குழல் மெலிசு, ஒன்றில் கனம். ஒன்றில் குழலைப் பிடித்துக்கொள்ளக் குறுக்கே ஓர் ஊசி இருக்கும், பிற்காலத்தில் வந்ததில் இருக்காது. இன்னும் பிற்காலத்தில் பக்கவாட்டில் பூட்டுக்கென்று ஓர் ஓட்டை போட்டார்கள். அந்த ஓட்டையைப் பார்த்தாலே சேகரிப்பவர்களுக்கு முகம் சுளிக்கும். பெட்டி இருந்தால் ஒரு மதிப்பு, பெட்டியின் ஓரத்து லேபிளில் உள்ள எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் ஒன்றாக இருந்தால் வேறு மதிப்பு. எல்லாவற்றையும் விட மெருகு முக்கியம். முதலில் வந்தவை கண்ணாடி போலப் பளபளக்கும். பிறகு அதே கம்பெனி மங்கலான மெருகுக்கு மாறிவிட்டது. பளபளப்பானது கிடைப்பது அரிது.

அவளிடம் இருந்த இரண்டங்குலம் மங்கல் வகை. ஆனால் கம்பெனியை விட்டு வந்தபடியே, பெட்டியோடு, கீறல் இல்லாமல் இருந்தது. அதன் எண் மெருகு மாறிய காலத்தை ஒட்டியது. எந்த எண்ணில் மாறினார்கள் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாதாம்.

அவள் ஆசைப்பட்டது வேறொன்றுக்கு. மூன்றங்குலக் கனக் குழல், குறி பார்க்கத் திருகி நகர்த்தக் கூடிய முள். கொஞ்சமாகத்தான் செய்தார்கள். துப்பாக்கிகளை வாங்கி விற்கிற சந்தையான கன் ஷோவில் மேஜை போடுகிற ஒரு வெள்ளைக்காரப் பெரியவரிடம் அது இருந்தது. ஒவ்வொரு ஷோவிலும் போய்ப் பார்ப்பாள், கையில் வாங்குவாள், திருப்பிக் கொடுப்பாள். அவர் காசுக்குக் கொடுக்க மாட்டார். "பளபளப்பான முதல் மெருகு இரண்டங்குலம் ஒன்று கொண்டு வா, மாற்றிக்கொள்ளலாம்" என்பதே அவர் பேச்சு. அது மட்டும் இவளிடம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் இணையத்தில் தேடுவாள். பிறகு லேப்டாப்பை மூடிவிட்டுச் சமையலுக்குப் போய்விடுவாள்.

இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது. கிரீன் கார்டு வாங்கி எங்களோடு தங்கிவிட்ட என் அம்மா, இந்தியக் கடைகள் இருக்கிற ஹில்கிராஃப்டில் போய்ப் பூவும் வெள்ளைப் பூசணியும் வாங்க வைத்து, வீட்டையே புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். லேப்டாப், கத்தி, கார் சாவி எல்லாம் பூஜைப் பலகைக்கு வந்தன. முதல்முறையாக என் மனைவி சேஃபைத் திறந்து, ஒவ்வொன்றையும் காலியா என்று சரிபார்த்து, ரிவால்வர்களையும் கொண்டு வந்து வைத்தாள்.

நான் அலறினேன். "இதெல்லாம் எதுக்கு இங்க?"

"ஆயுத பூஜைன்னு பேர் வெச்சுட்டு லேப்டாப்புக்குப் பொட்டு வைக்கறீங்க. ஆயுதத்துக்கு வைக்கக் கூடாதா?"

அம்மாவும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். "அவ சொல்றது சரிதானேடா."

வேலை நாள். இரண்டு பேருக்கும் மீட்டிங். ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டோம். பூஜை சாயங்காலம்தான். வெளியே வந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து, மடியில் பழைய துண்டை விரித்து, பக்கத்தில் என் கார் சக்கரத்துக்குப் போடுகிற பாலிஷ் டியூபை வைத்துக்கொண்டு, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மத்ததெல்லாம் பரவால்ல. இது ஒண்ணுதான் அழுது வடிஞ்சுட்டு இருந்துச்சு" என்று அந்த மங்கல் இரண்டங்குலத்தைத் தூக்கிக் காட்டினார். "சாமிக்கு வைக்கிற சாமானை இப்படியா வைக்கிறது? இப்பப் பாரு, உன் மூஞ்சியே தெரியும்."

தெரிந்தது. என் மூஞ்சியும், எனக்குப் பின்னால் வந்து நின்ற அவள் மூஞ்சியும்.

கிண்ணியைப் புளி போட்டுத் துலக்கினால் மாமியாரைப் பாராட்டலாம். இதில், தேய்ந்து போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கம்பெனிக்கே அனுப்பி மங்கலாக்கி வாங்கினாலும் மறுபடி மெருகு போட்டது என்றுதான் பேர். அவள் அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கை வலிக்கலையா அத்தே?" என்று கேட்டாள். அவ்வளவுதான். பிறகு கராஜுக்குப் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்ததும் என்னைப் பார்த்து, "அந்தப் பாலிஷை யாரு வாங்கச் சொன்னா உங்களை?" என்று எரிந்து விழுந்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன். அம்மாவுக்குக் கரிசனம், எனக்குத் திட்டு; நியாயமான பங்கீடு.

அடுத்த கன் ஷோவுக்குக் கிளம்பும்போது அந்த ரிவால்வரையும் பெட்டியோடு எடுத்துக்கொண்டாள். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. மங்கல் வகை இப்போது பளபளக்கிறது. எண்ணும் எல்லையில் இருக்கிறது. பெரியவர் கேட்டது இதைத்தானே? "பேசாம குடுத்துட்டு அந்த மூணங்குலத்தை வாங்கிடு" என்றேன். அவள் பெட்டியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவும் வருவேன் என்றார். சேலை, ஸ்வெட்டர், ஷூ சகிதம் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

ஷோ வாசலில் குண்டு இருக்கிறதா என்று பார்த்து, சிலிண்டர் மூடாதபடி ஒரு பிளாஸ்டிக் கட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். பெரியவர் பெட்டியைத் திறந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எண்ணைப் படித்தார், லேபிளைப் படித்தார், விளக்கடியில் பிடித்தார். கடைசியில் சிரித்தார். தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து அந்த மூன்றங்குலத்தை எடுத்து, "இது உன்னுடையது" என்று அவள் கையில் வைத்தார்.

அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சும்மா இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

"இது முதல் மெருகு இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "மங்கலாக இருந்தது. போன மாதம் வீட்டில் பாலிஷ் போட்டுவிட்டோம். இதைப் பழையபடி ஆக்க வழி உண்டா என்று கேட்கத்தான் கொண்டு வந்தேன்." அத்தை போட்டார் என்று சொல்லவில்லை. போட்டுவிட்டோம் என்றாள்.

பெரியவர் ரிவால்வரைப் பெட்டியில் வைத்தார். வழி இல்லை என்பது போலத் தலையை ஆட்டினார். அவள் மூன்றங்குலத்தை இரண்டு கையாலும் அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, வேறு யாராவது என்றால் சொல்லியிருக்க மாட்டார்கள், தனக்குத் தெரிந்தே இருக்காது என்று மட்டும் சொன்னார். எனக்கு அவளை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது. கூடவே, இப்படி ஒருத்தியிடம் போய் அந்த யோசனையைச் சொன்னோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அம்மாவுக்கு இங்கிலீஷ் ஓடாது. கண் நன்றாகத் தெரியும். ஃப்ரீவேயில் ஏறியதும் ஆரம்பித்தார்.

"ஏம்மா, அவர்தான் உன் கையிலயே குடுத்துட்டாரே. எதுக்குத் திருப்பிக் குடுத்தே?"

அம்மா முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டினார்.

"நான் தேச்சதுல ஏதாச்சும் கெட்டுப் போச்சா?"

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தே" என்றாள் என் மனைவி, கொஞ்சமும் தயங்காமல். "நீங்க தேச்சதுக்கு அப்புறம் நம்மளுது அதைவிட அழகா ஆயிடுச்சு. மாத்திக்க மனசு வரல."

அம்மா சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. அவரோடது கொஞ்சம் மங்கல்தான்."

என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி, துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் எக்ஸிட் வந்ததை நான் கவனிக்கவில்லை. நேரே போய்விட்டேன்.